கிளட்ச் கருக்கும் வேலை

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்குத் தன் சொந்தத் தங்கைக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. இதை அவரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஸ்கூல் என்றால் தெருமுனையில் ஒரு சின்ன அறை, சுவரில் சாலை விதிப் படங்கள், வாசலில் ஒரே ஒரு கார். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, தன் காலடியில் தனியாக வைத்திருக்கும் பெடல்களில் பாதத்தைப் பதித்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியையும் கடைத்தெருக் கூட்டத்துக்குள் ஓட்ட வைத்துவிடுவார். தங்கையிடம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை.

அவளுக்கு ஒரே பயம்தான். வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பயத்தில் இடது காலைக் கிளட்ச் பெடலிலிருந்து முழுசாக எடுக்கவே மாட்டாள். பாதி மிதித்தபடி, பாதி விட்டபடி, இஞ்சினை உறுமவிட்டுக்கொண்டு ஊர்ந்துகொண்டே இருப்பாள்.

"காலை எடும்மா. அது கால் வைக்கிற பலகை இல்ல."

"எடுத்தா நின்னுடும்ணா."

"நின்னா நிக்கட்டுமே. குடியா முழுகிடும்?"

ஒருநாள் மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். நகர்ந்து நகர்ந்து உச்சிக்கு வருவதற்குள் வண்டிக்கு அடியிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. அதோடு ஒரு நாற்றம். எரிந்த ரப்பரும் தீய்ந்த முடியும் சேர்ந்த மாதிரி. வண்டியைக் கயிறு கட்டித்தான் மெக்கானிக்கிடம் இழுத்துப் போனார்கள்.

மெக்கானிக் பிரித்து எடுத்துக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு இரும்புத் தட்டு, அதன் இரண்டு பக்கமும் பழுப்பு நிறத்தில் வளையம் ஒட்டியிருக்க வேண்டும். இஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்த வளையத்தின் பிடிதான். பெடலை மிதித்தால் பிடி விடும்; காலை எடுத்தால் கவ்விக்கொள்ளும். பாதியில் வைத்திருந்தால் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், கடைசியில் கருகும். இப்போது அந்த வளையம் கரிக்கட்டையாக இருந்தது.

"மாஸ்டர், இதை நான் போட்டு முழுசா ரெண்டு மாசம் ஆகலை. யாரு இந்தப் புண்ணியவான்?"

"புண்ணியவதி. இதோ நிக்குறா பாருங்க, என் தங்கச்சி."

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அன்றைக்கு அவளுக்குப் பெயர் விழுந்தது. வீட்டுக்குள் நுழையும்போதே அண்ணன் அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கருகல் வந்திருக்கா, ஜன்னலைத் திறந்து வை."

அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் கருகல்தான். அம்மா அப்பா போன பிறகு அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். துணிக்கடையில் பில் போடும் வேலை. கல்யாணப் பேச்சு வந்து வந்து நின்று, பிறகு யாரும் கேட்காத வயதும் வந்துவிட்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கேலி செய்வதும் அவள் பொய்க் கோபம் காட்டுவதுமாக வீடு கலகலப்பாகவே இருந்தது.

மெக்கானிக் தீய்ந்த தட்டுகளை எல்லாம் ஊருக்கு வெளியே இருந்த ஒரு தொழிற்சாலைக்குக் கொடுத்தனுப்புவார். அந்த வளையங்களைத் தயாரிக்கிற இடம் அது. எது எப்படித் தேய்ந்தது, எங்கே கருகியது என்று பார்த்து அடுத்ததை இன்னும் நன்றாகச் செய்ய அங்கே ஒரு இன்ஜினியர் இருந்தார். மெக்கானிக் வேடிக்கையாக மாஸ்டர் தங்கையின் கதையை அவரிடம் சொல்லிவைக்க, அந்த மனிதர் அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து நின்றார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் பேனா கசிந்த கறை. அன்று கடைக்கு விடுமுறை, அவளும் அங்கே இருந்தாள்.

"எங்க டிரைவருங்க எல்லாருமே நல்லா ஓட்டுறாங்க மேடம். அதான் பிரச்சனையே," என்றார். "அவங்க கிட்ட எதைக் கொடுத்தாலும் வருஷக்கணக்கா உழைக்குது. கடையில வாங்குற ஜனங்க அப்படியா ஓட்டுறாங்க? எனக்கு நிஜமாவே மோசமா ஓட்டுற ஒருத்தர் வேணும்."

இவரும் கேலி செய்கிறாரோ என்று அவளுக்குச் சந்தேகம். இல்லை, மனிதர் வேலைக்கு ஆள் கேட்டுத்தான் வந்திருந்தார். அண்ணன் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்படித்தான் அவள் கிளட்ச் கருக்கும் வேலைக்குப் போனாள்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு பெரிய மெஷின் இருந்தது. தட்டைப் பூட்டிவிட்டால் தானே சுழற்றும், தானே அழுத்தும், தானே விடும். சூடு எவ்வளவு, பிடி எவ்வளவு என்று கண்ணாடிக்குப் பின்னால் முள் ஆடிக் காட்டும். ஆனால் இன்ஜினியருக்கு அது மட்டும் போதவில்லை. "மெஷினுக்குப் பயம் வராது. உங்களுக்கு வருது," என்பார். அதனால் மெஷினில் தேறின தட்டைக் காரில் பூட்டி, பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றி அவளிடம் கொடுப்பார்கள். தொழிற்சாலைக்குப் பின்புறம் கைவிடப்பட்ட கல்குவாரிக்கு ஏறும் சாலை இருந்தது. பாதி ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளப்பி, மறுபடி நிறுத்தி, நாள் முழுக்க அதே வேலை. வளையத்துக்கான கலவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் பொட்டு வைப்பார்கள். சிவப்புப் பொட்டு ஒரே வாரத்தில் புகைந்தது. பச்சைப் பொட்டு கருகவில்லை, ஆனால் கிளம்பும்போதெல்லாம் குளிர்காய்ச்சல் வந்த மாதிரி வண்டியை உதறவைத்தது. எதில் கண்ணாடி நூல் அதிகம், எதில் பித்தளைக் கம்பி, எதில் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்த பொடி என்று இன்ஜினியர் பொறுமையாகச் சொல்வார். பாதி புரியும். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு "இன்னும் கொஞ்ச நேரத்துல புகையும் சார்" என்பாள், புகையும். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் அவள் பேர் வாங்கினாள், அதுவும் தன் தப்பை வைத்தே.

வீட்டில் கேலி கூடியதே தவிரக் குறையவில்லை. விருந்தாளிகள் வந்தால் அண்ணன் ஆரம்பித்துவிடுவார். "எல்லாரும் வண்டி ஓட்டப் போவாங்க. எங்க வீட்டுல ஒருத்தி வண்டியைக் கெடுக்கப் போறா." அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒன்று மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அந்த மேம்பாலத்துக்குப் பிறகு அவள் ஓட்டும் காரில் அண்ணன் ஏறவே மாட்டார். உறவுக்காரர் வீட்டுக்குப் போகும்போது "நான் ஓட்டட்டுமாண்ணா" என்றால், "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசைம்மா" என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒருமுறை, இரண்டுமுறை என்றால் சிரிக்கலாம். வருஷக்கணக்காக அதே பதில்.

பார்க்கலாம் என்று அவள் மனசுக்குள் கறுவிக்கொண்டாள். குவாரியிலிருந்து திரும்பி வரும் ஆளில்லாத சாலையில் யாருக்கும் தெரியாமல் பழகத் தொடங்கினாள். அண்ணன் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன அதே பாடங்கள்தான். காலை மெதுவாக எடு, பிடிக்கிற இடத்தில் ஒரு கணம் நிறுத்து, பிறகு முழுசாக விடு. பக்கத்தில் யாரும் இல்லை என்றதும் அவை சுலபமாக வந்தன. வண்டி நின்றால் மறுபடி கிளப்பினாள். குடி ஒன்றும் முழுகவில்லை. சில மாதங்களில் கியர் மாறுவதே தெரியாத அளவுக்குக் கால் பழகிவிட்டது. ஒருநாள் அண்ணனை உட்காரவைத்து ஓட்டிக் காட்ட வேண்டும், அவர் வாயடைத்துப் போக வேண்டும். அந்த நாளை நினைத்துத் தனக்குத் தானே சிரித்துக்கொள்வாள். குவாரி ஏற்றத்தில் கெட்ட டிரைவர், திரும்பி வரும் சாலையில் நல்ல டிரைவர். சட்டை மாற்றுகிற மாதிரி மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் நீலப் பொட்டு வந்தது. இன்ஜினியர் ரொம்ப நாளாக உழைத்த கலவை. உதறல் என்ற பேச்சே இல்லை. வெண்ணெய் மாதிரிக் கிளம்பியது. அவள் வாரக்கணக்கில் ஏற்றத்தில் ஓட்டினாள். புகை இல்லை, நாற்றம் இல்லை.

"மெஷின்ல கடைசிச் சூட்டுல கொஞ்சம் வழுக்குற மாதிரி தெரியுது," என்றார் இன்ஜினியர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "உங்க கிட்ட எப்படி இருக்கு? யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கிட்ட ஒண்ணுமே ஆகலை சார். இவ்வளவு நல்ல தட்டை நான் பார்த்ததே இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. இன்ஜினியரும் அவள் வார்த்தையை நம்பினார். நீலப் பொட்டு சந்தைக்குப் போனது.

முதலில் வந்த தட்டுகளில் ஒன்றை அவள் அண்ணனுக்கே கொண்டுவந்தாள். "போட்டுக்கோண்ணா. என் கையால பாஸ் பண்ணது."

"காலாலன்னு சொல்லு," என்றார் அண்ணன். ஆனால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டச் சொன்னார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அது நடந்தது. அதே மேம்பாலத்து ஏற்றம். ஓட்டியவர் ஒரு நர்ஸ். அப்போதுதான் கற்றுக்கொள்ள வந்தவர். நெரிசலில் ஏறும்போது இஞ்சின் கத்தியது, வண்டி ஏறவில்லை. அண்ணன் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டார். பதறிப்போன அந்த அம்மாவை முதலில் இறக்கிவிட வேண்டும் என்று தான் இறங்கிச் சுற்றி வந்தார். அதற்குள் முன்னால் நெரிசல் கலைந்துவிட, பின்னால் வேகமாக வந்த வேன் ஒன்று நின்ற காரைப் பார்த்து ஒதுங்கப்போய் அவரை இடித்துத் தள்ளிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நேராக மெக்கானிக்கிடம் போனாள். அவர் தட்டைக் கழற்றி வைத்திருந்தார். "கருகலைம்மா. இப்படி ஒண்ணை நான் பார்த்ததில்ல," என்றார். வளையம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. விரல் வைத்தால் வழுக்கியது. சூட்டில் மேற்பரப்பு இறுகிப் பிடியே போயிருந்தது. அவள் அதைத் துணியில் சுற்றித் தானே இன்ஜினியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டாக்சிக்காரர்களிடமிருந்தும் அதே மாதிரி நாலைந்து வந்துவிட்டன என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் இன்ஜினியர் பரிசோதனைக் காரில் அவள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அதுவரை அவர் ஏறியதே இல்லை. கீழே நின்று பார்ப்பதோடு சரி.

"எப்பவும் போல ஓட்டுங்க."

அவள் ஏற்றத்தில் நிறுத்தினாள், கிளப்பினாள், நிறுத்தினாள், கிளப்பினாள். இன்ஜினியர் சாலையைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"எப்போலேருந்து இப்படி ஓட்டுறீங்க?"

"எப்படி சார்?"

"நல்லா."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். "திரும்பி வர்றப்ப மட்டும்தான் சார் நல்லா ஓட்டிப் பார்ப்பேன். இங்க பழைய மாதிரிதான்..."

"நீங்க அப்படி நினைச்சிருக்கீங்க. உங்க காலுக்கு அது தெரியலை."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். இன்ஜினியர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது. "ஒரே ஒரு ஆளை நம்பி விட்டது நான்தான்," என்றார் கடைசியில். "வண்டி நல்லா ஓட்டக் கத்துக்கிட்டீங்கன்னு உங்க மேல குத்தம் சொல்ல முடியுமா?" மேலிடத்திலும் அவர் அப்படியே சொல்லியிருக்கிறார். நீலப் பொட்டு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அவரைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து எடுத்து பேக்கிங் பிரிவில் போட்டார்கள். கேண்டீனில் எதிரே பார்த்தால் தலையசைப்பார். நாம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவள் ஒவ்வொரு நாளும் நினைப்பாள். பேசாமலே இருந்துவிட்டாள். ஒருநாள் விசாரித்தபோது வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார் என்றார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அண்ணனிடம் அவள் சொன்னாள். "அந்தத் தட்டு சரியில்லண்ணா. நான்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன். சரியா டெஸ்ட் பண்ணலை."

அவர் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி விடும்மா. அந்த வேன்காரன் பார்த்து வந்திருக்கணும்."

ஏன் சரியாக டெஸ்ட் பண்ணவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. உன்னிடம் பேர் வாங்கத்தான் யாருக்கும் தெரியாமல் பழகினேன், அதில் கால் மாறிப்போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? பழியைத் தூக்கி அவர் தலையிலேயே போடுகிற மாதிரி ஆகிவிடாதா? பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மென்று விழுங்கினாள்.

அண்ணன் எழுந்து நடந்தார், கைத்தடியோடு. பெடலில் கால் வைத்து நாள் முழுக்க உட்கார இடுப்பு இடம் கொடுக்கவில்லை. தெருமுனை அறையில் பிறகு ஒரு செல்போன் ரிப்பேர் கடை வந்தது. அவர் யாரையும் குறை சொல்லவில்லை, முகம் சுளிக்கவில்லை. கேலி செய்வதை மட்டும் நிறுத்திவிட்டார். கருகல் என்ற பெயர் அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு வரவே இல்லை. "வாம்மா", "சாப்பிட்டியாம்மா", அவ்வளவுதான். அந்த மரியாதை அவளைக் கொன்றது. ஒருநாள் வேண்டுமென்றே வேலை உடுப்போடு, தீய்ந்த நாற்றத்தோடு கூடத்தில் வந்து நின்றாள்.

"அண்ணா, இன்னிக்கு ஒரே நாள்ல ரெண்டு தட்டு காலி."

"அப்படியா," என்றார் அவர். "கை காலைக் கழுவிட்டுச் சாப்பிடும்மா."

அண்ணி அடுக்களை வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

தொழிற்சாலையில் அதற்குள் அவளுக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். இன்ஜினியர் போவதற்கு முன் எழுதிவைத்த யோசனைதான். இனி ஒரே ஆள் ஓட்டக் கூடாது. புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களை மாற்றி மாற்றிக் கூட்டிவந்து ஓட்டவிட வேண்டும். அவர்கள் பக்கத்தில் உட்காருவது அவள். "பயப்படாம ஓட்டுங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவள் ஒன்றும் சொல்லாமல் இருக்க வேண்டும், பயம்தான் வேண்டியிருந்தது. நீலப் பொட்டில் ரப்பரைக் குறைத்து, பித்தளைக் கம்பியைக் கூட்டி, சூடு வெளியேற வரிப்பள்ளங்களை ஆழமாக்கி, புதிதாக வந்தவர்கள் அதைத் தேற்றிவிட்டார்கள். இன்றைக்கும் அது ஓடுகிறது. அதைக் கேட்கிற இடத்தில் அந்த ஒல்லி மனிதர் இல்லை.

வருஷங்கள் போயின. படி ஏறி இறங்குவது அண்ணனுக்குச் சிரமமாகிப் போகவே, கல்யாணமாகி வேறு ஊரில் இருந்த அவர் மகள் அப்பா அம்மா இருவரையும் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். சாமான்கள் லாரியில் போய்விட்டன. ரயிலில் அவ்வளவு நேரம் உட்கார அண்ணனால் முடியாது; காரில் என்றால் நடுநடுவே நிறுத்தி இறங்கிக்கொள்ளலாம்.

"நான் கொண்டுபோய் விடுறேண்ணா," என்றாள் அவள். அவளிடம் ஒரு பழைய கார் இருந்தது.

அவர் ஒரு கணம் யோசித்தார். "சரிம்மா," என்றார்.

எத்தனை வருஷம் காத்திருந்த நாள் அது. அண்ணி பின்னால் சாய்ந்துகொண்டாள். அண்ணன் முன்னால், தலையணை வைத்து, பக்கத்து இருக்கையில். வண்டி கிளம்பியதும் அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். பெடல் இல்லாத வெறும் தரையில் அவருடைய இடது பாதம் அழுந்தியது. கியர் மாற்றும் இடம் வரும்போதெல்லாம் அழுந்தியது, மெல்ல எழுந்தது. அவருக்கே தெரியாத பழக்கம். அவள் தன் காலை அந்தப் பாதத்தோடு சேர்த்து ஓட்டினாள். அது அழுந்தும்போது மிதித்தாள், எழும்போது விட்டாள். மலைப்பாதை ஏற்றத்தில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. நகர்வதும் நிற்பதுமாக உச்சி வரை போனார்கள். ஒரு உதறல் இல்லை, ஒரு இழுப்பு இல்லை. அண்ணி தூங்கியே போனாள். அண்ணன் தூங்கவில்லை.

மகள் வீட்டு வாசலில் நிறுத்தியதும் அவர் கைத்தடியை எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்தவர், இறங்காமல் கொஞ்சம் உட்கார்ந்தார்.

"வழி பூரா ரோடு நல்லா போட்டிருக்காங்க," என்றார், முன்னால் பார்த்தபடியே.

அவளுக்குள் ஏதோ சரிந்தது. இவ்வளவுதானா? "ஆமாண்ணா," என்றாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிற மாதிரி இருந்தது. அதற்குள் மகள் ஓடி வந்துவிட்டாள், அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிப்போனாள்.

மறுநாள் காலையில் அவள் தனியாகத் திரும்பினாள். மலை இறங்கிக் கொஞ்ச தூரம் வந்ததும் கார் தடதடவென்று குலுங்கியது. போகும்போது அவர் பாதத்தையே கவனித்ததில் பார்க்காமல் விட்ட அதே ரோட்டை இப்போது நிதானமாகப் பார்த்தாள். ரோடு நெடுக ஒட்டுப்போட்டிருந்தது, ஓரமெல்லாம் பெயர்ந்து கிடந்தது. எந்தக் காலத்தில் போட்ட தாரோ. இதைப் போய் நல்ல ரோடு என்று எப்படிச் சொன்னார்? ஆயிரம் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு ரோடு தெரியாதா?

அவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். கேலி. அவர் கேலி செய்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து, பழைய மாதிரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "ரோடா? ஓட்டினது யாருன்னு பாருண்ணா" என்று அவள் சீறியிருக்க வேண்டும். அதற்குத்தான் இறங்காமல் உட்கார்ந்திருந்தார், அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார். அவளோ மரியாதையாக ஆமாண்ணா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

அங்கேயே நின்று போன் போட்டாள். அண்ணி எடுத்தாள். "பயணக் களைப்பு, இன்னும் எழுந்திருக்கலைம்மா. எதாவது சொல்லணுமா?"

"இல்ல அண்ணி. அப்புறம் பேசுறேன்."

அப்புறம் பேசும்போது மாத்திரை, தூக்கம், புது வீட்டுத் தண்ணீர் என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. போனில் திடீரென்று ரோட்டைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த தடவை நேரில் பார்க்கும்போது கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வாள். நேரில் பார்த்தால் அவர் "வாம்மா" என்பார், அவள் "நல்லா இருக்கியாண்ணா" என்பாள்.